கூப்பிட ஒண்ணு, கையெழுத்துக்கு ஒண்ணு

சென்னையில் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, "புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சென்ட்ரல் இரயில் நிலையம் போகணுங்க" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோக்காரர் வெயிட்டிங் சார்ஜ் கேட்பார். 2019-ல் வைத்த பெயர் அது. போர்டில் இருக்கிறது. அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறது. நம் வாயில் மட்டும் இன்னமும் 'சென்ட்ரல்'தான். இதில் அந்தப் பெரியவருக்கு அவமரியாதை ஒன்றும் இல்லை. அவரையே யார் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? மூன்றெழுத்து போதும் என்று தமிழ்நாடே சேர்ந்து முடிவு பண்ணிவிட்டதே!

போர்டுக்கு ஒரு பெயர், வாய்க்கு ஒரு பெயர். நம் ஊர்ச் சட்டம் இது.

திருநெல்வேலியை நெல்லை ஆக்கினோம். கோயம்புத்தூரைக் கோவை ஆக்கினோம். தஞ்சாவூர் தஞ்சை ஆயிற்று, புதுச்சேரி புதுவை ஆயிற்று. தமிழ் வாத்தியார்கள் இதற்கு 'மரூஉ' என்று பெயர் சொல்வார்கள். மூன்றே எழுத்தில் பூனை கத்துவது மாதிரி ஒரு பெயர். உதகமண்டலத்தை நாம் உதகை என்றோம். வெள்ளைக்காரன் அதை ஊட்டகமண்ட் என்று இழுத்துப் பார்த்தான், மலை ஏறிய களைப்பில் மூச்சு வாங்கியது, 'ஊட்டி' என்று முடித்துக்கொண்டான்.

ஊருக்கே இந்தக் கதி என்றால் மனுஷனுக்கு?

என் பெயர் வைத்தியநாதன். குலதெய்வம் வைத்தீஸ்வரன் கோயில் என்பதால் எனக்கு வேறு வழி இருக்கவில்லை. வீட்டில் வைத்தி. ஆபீஸில் வி.என். சார். வெளிநாட்டிலிருந்து போனில் பேசுகிறவர்களுக்கு 'நாதன்', அதுவும் 'நேத்தன்' என்று விழும். மனைவிக்கு 'என்னங்க'. அதைவிடப் பொதுவான பெயர் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. மார்க்கெட்டில் அவள் "என்னங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். எல்லார் முகத்திலும் ஒரே மாதிரி பீதி.

இங்கிலீஷில் என் பெயரை எழுதும்போதுதான் வேடிக்கை. ஒரு அட்டையில் 'டி.எச்.' போட்டு 'ஐ' போட்டிருக்கிறது. இன்னொன்றில் 'டி'யும் 'ஒய்'யும். மூன்றாவதில் 'ஐ', 'ஒய்' இரண்டுமே உண்டு. நாலாவது அட்டையில் தட்டச்சு செய்தவர் அவசரத்தில் ஒரு 'நா'வையே விழுங்கிவிட்டார். அதன்படி நான் 'வைத்தியதன்'. அரசாங்கத்தின் கண்ணில் நான் நாலு பேர். சம்பளம் மட்டும் ஒரு ஆளுக்குத்தான் வருகிறது.

* * *

பெயரைச் சுருக்குவதில் நம் ஜனங்கள் கடைப்பிடிக்கும் விதிகளை நான் வருஷக்கணக்காக ஆராய்ந்து வைத்திருக்கிறேன்.

முதல் விதி, தலையை வைத்துக்கொண்டு வாலை வெட்டுவது. வெங்கடேசன் வெங்கட் ஆவது இப்படித்தான். இரண்டாம் விதி, வாலை வைத்துக்கொண்டு தலையை வெட்டுவது. சுப்பிரமணியன் மணி ஆகிறான். மூன்றாம் விதி, கடைசியில் ஒரு உகரத்தை ஒட்டவைப்பது. ராமு, சோமு, பாலு, வாசு, கோபு. இந்த 'உ' போட்டவுடன் ஆள் பத்து வயசு குறைந்துவிடுவார். எழுபது வயது 'வாசு'க்கள் இன்னமும் ஷட்டில்காக் ஆடிக்கொண்டிருப்பதன் ரகசியம் இதுதான். நாலாம் விதி, சம்பந்தமே இல்லாமல் ஒன்றை வைப்பது. சர்ட்டிபிகேட்டில் கிருஷ்ணமூர்த்தி, வீட்டில் 'குட்டி'. குட்டிக்கு இப்போது தொண்ணூற்று நாலு கிலோ.

இதில் மிகவும் பாவப்பட்ட பெயர் மணி. எங்கள் ஃப்ளாட்ஸில் கீழே நின்று "மணீ..." என்று கூப்பிட்டால் நாலு பால்கனியில் நாலு தலை தெரியும். ஒருவர் சுப்பிரமணியன், ஒருவர் மணிகண்டன், ஒருவர் மணிவண்ணன், ஒருவர் பாலசுப்பிரமணியன். ஐந்தாவதாக மூன்றாம் மாடித் தாத்தா எட்டிப் பார்த்து, "ஏழே முக்கால்" என்பார்.

கூப்பிடுவதை லேசாக நினைக்காதீர்கள். 'விளிமரபு' என்று இதற்கென்றே ஒரு தனி இயல் எழுதி வைத்திருக்கிறார் தொல்காப்பியர். கூப்பிடும்போது பெயரின் கடைசி எழுத்து மாறும், சில சமயம் கெடும், சில சமயம் நீளும். தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட்டால் ஓசை இன்னும் நீளும். முருகன் ஏன் முருகா ஆகிறார், கண்ணன் ஏன் கண்ணா ஆகிறான் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. எட்டாம் வேற்றுமையே கூப்பிடுவதற்காகத்தான். எழுதுகிற பெயரும் கூப்பிடுகிற பெயரும் வேறு வேறாக இருக்கும் என்பது தமிழ் இலக்கணத்துக்குத் தெரியும். தெரியாதது பாஸ்போர்ட் ஃபாரத்துக்குத்தான்.

அங்கே வருகிறேன். அதற்கு முன்னால் என் அக்கா மகன்.

* * *

அக்கா மகனுக்கு வயது இருபத்தைந்து. சாஃப்ட்வேர் வேலை. சர்ட்டிபிகேட்டில் பெயர் ஆர்.சோமசுந்தரம். அது அவன் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். பேரன் என்ற வார்த்தையே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதானே? தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். நாம்தான் மிட்டாய் கேட்டு அழுகிற பிள்ளைக்கெல்லாம் பேரன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பெயர் வைத்தாயிற்று. கூப்பிடுவது யார்? மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அந்தக் காலத்து வீடு. மாமனார் சோமசுந்தரம் திண்ணையில் ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். உள்ளே பையன் பால் டம்ளரைத் தட்டி விடுகிறான். "டேய் சோமசுந்தரம், கழுதை, முதுகுத் தோலை உரிக்கிறேன் பார்" என்று என் அக்கா கத்த முடியுமா? கத்தினால் குடும்பம் என்ன ஆகும்?

அதனால் பையன் சுந்தர் ஆனான்.

நம் வீடுகளில் செல்லப் பெயர்கள் பாதிக்குப் பாதி இப்படி வந்தவைதான். கொஞ்சுவதற்காக வைத்தது என்று நினைக்கிறோம். நிஜத்தில் பெரியவர் காது படாமல் திட்டுவதற்கு வைத்தது. தாத்தாவுக்கு அவர் சிநேகிதர்கள் மத்தியில் சோமு என்று பெயர். ஆக, ஒரே பெயரை நடுவில் வெட்டி முன்பாதியைத் தாத்தாவும் பின்பாதியைப் பேரனும் எடுத்துக்கொண்டார்கள். பத்திரம் எழுதாமல், கோர்ட்டுக்குப் போகாமல் எனக்குத் தெரிந்து நடந்த ஒரே பாகப்பிரிவினை இதுதான்.

போன வருஷம் தாத்தா போய்ச் சேர்ந்தார். இந்த வருஷம் பையனுக்கு வெளிநாடு போகிற வாய்ப்பு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

"மாமா, பேரை மாத்திடலாம்னு இருக்கேன்."

"என்னன்னு?"

"சுந்தர். அவ்வளவுதான். ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க. கெஜட்ல போட்டு, பாஸ்போர்ட்லயும் அதையே எடுத்துடறேன்."

"தாத்தா பேருடா."

"தெரியும் மாமா. ஆனா அங்க இருக்கிற டீம்ல ஒருத்தன் என்னை 'சோமா'ன்னு கூப்பிடறான். கோமால விழுந்தவனைக் கூப்பிடற மாதிரி இருக்கு. இன்னொருத்தன் 'மிஸ்டர் ராமலிங்கம்'ங்கிறான். அப்பா மாயவரத்துல உக்காந்துக்கிட்டு, 'நான் எப்போடா ப்ராஜெக்டை லேட் பண்ணினேன்'ங்கிறார்."

நியாயமான கேள்வி. கூடவே ஒரு உதாரணமும் கையில் வைத்திருந்தான். "சுந்தர் பிச்சையே சுருக்கலையா மாமா? 1972-ல மதுரையில பிறந்தப்போ பிச்சை சுந்தரராஜன். 'ராஜன்'ஐ எடுத்துட்டு அப்பா பேரைப் பின்னாடி போட்டதும் கூகுளுக்கே தலைவராயிட்டார்."

'ராஜன்' போனதால்தான் ராஜாவானார் என்கிற தொனி. நான் சும்மா விடவில்லை. உதாரணம் என்று வந்துவிட்டால் என்னிடமும் கொஞ்சம் இருக்கிறது.

* * *

சி.வி.ராமனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'சி' அவர் அப்பா சந்திரசேகரன். 'வி'யும் 'ராமனும்' ஒரே ஆள். வெங்கடராமன் என்ற பெயரை நடுவில் பிளந்து ஒரு பாதியை இனிஷியல் பக்கம் தள்ளியாயிற்று. 1928-ல் கண்டுபிடித்த விஷயம் 'ராமன் விளைவு' ஆகிவிட்டது. 'வெங்கடராமன் விளைவு' என்றிருந்தால் பரீட்சையில் எழுத இன்னும் அரை நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.

அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983-ல் அவருக்கும் நோபல் பரிசு. வெள்ளைக்கார விஞ்ஞானிகள் வாயில் அவர் பெயர் 'சந்திரா'. நாசா 1999-ல் விண்வெளிக்கு ஒரு எக்ஸ்-ரே தொலைநோக்கி அனுப்பியபோது அதற்கு 'சந்திரா' என்றே பெயர் வைத்தார்கள். இன்னொன்றைக் கவனித்தீர்களா? சந்திரசேகரன் என்பது தாத்தாவின் பெயர். பேரனுக்கு வந்து, பாதியாகச் சுருங்கி, பூமியைச் சுற்றக் கிளம்பிவிட்டது. எந்தத் தாத்தாவுக்குக் கிடைக்கும் இது?

கிரிக்கெட்டுக்கு வாருங்கள். ஸ்ரீனிவாசராகவன் வெங்கட்ராகவன். இங்கிலீஷில் முப்பத்திரண்டு எழுத்து. 1975, 1979 இரண்டு உலகக் கோப்பைக்கும் இந்தியாவின் கேப்டன். உலகத்துக்கு அவர் 'வெங்கட்'. அவரோடு பந்து போட்ட இன்னொரு சந்திரசேகர் 'சந்திரா'. பேடி, பிரசன்னா பெயர்கள் மட்டும் சுருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் தப்பித்தன.

எழுத்தாளர் ஆர்.கே.நாராயண், வீட்டார் வைத்த பெயரில் நாராயணசுவாமி. 1935-ல் முதல் நாவல் வரும்போது, இங்கிலீஷ்காரர்கள் வாயில் நுழையாது, சுருக்குங்கள் என்று சொன்னவர் கிரஹாம் கிரீன். இவரும் பெயரிலிருந்து 'சுவாமி'யை எடுத்தார். எடுத்த சுவாமி வீணாகவில்லை. அந்த நாவலின் பெயர் 'சுவாமியும் நண்பர்களும்'.

அண்ணாதுரையைச் சுருக்கினோம், 'அண்ணா' கிடைத்தார். உலகத்தில் வேறெங்கும் ஒரு தலைவர் பெயரைப் பாதியாக வெட்டினால் சொந்தக்காரர் ஆகிவிடுவாரா, தெரியாது. தமிழில் ஆனார்.

விஸ்வநாதன் ஆனந்த் கதை தலைகீழ். ஆனந்த் என்பதுதான் அவர் பெயர், விஸ்வநாதன் அவர் அப்பா. வெளிநாட்டில் முதலில் இருப்பதை அவர் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அதையும் சுருக்கி, 'விஷி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஐந்து முறை உலக சாம்பியன் ஆனவருக்கே அப்பா பெயரில்தான் செக் வைக்கிறார்கள் என்றால், நம் அக்கா மகன் 'மிஸ்டர் ராமலிங்கம்' ஆவதில் என்ன ஆச்சரியம்?

இதில் பாருங்கள், பெரியவர்களில் யாரும் நீளப் பெயரை வெறுத்ததாகத் தெரியவில்லை. ஜனங்களும் காலமும் வாய்க்கு வசதியாகச் செதுக்கிக்கொண்டார்கள். அக்கா மகனிடம் இதைத்தான் சொன்னேன்.

"அதெல்லாம் நோபல் வாங்கினவங்க மாமா. எனக்கு விசா வாங்கணும்" என்றான்.

* * *

சரி, ஃபாரத்துக்கு வருவோம்.

வெளிநாட்டு ஃபாரத்தில் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்றில் உன் பெயர், இன்னொன்றில் குடும்பப் பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் ஏது? 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டிலேயே பெயருக்குப் பின்னால் ஜாதி ஒட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அது மெல்ல மெல்லப் பரவி, நம் பெயர்களின் வால் போயிற்று. மிச்சம் இருப்பது முன்னால் அப்பாவின் ஒற்றை எழுத்து. நல்ல ஏற்பாடு. ஜாதி தெரியாது, அப்பா தெரிவார்.

ஆனால் பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது. பான் கார்டு விண்ணப்பத்திலும் செல்லாது. விரித்து எழுது என்பார்கள். விரித்தால் அப்பா வந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில் சட்டமாக உட்கார்ந்துகொள்வார். வேண்டாம், என் பெயர் மட்டும் போதும் என்று ஒற்றைப் பெயராகப் பாஸ்போர்ட் எடுத்தால் அதிலும் சிக்கல். அமெரிக்க விசாவில் உங்கள் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, சொந்தப் பெயருக்கு 'எஃப்.என்.யூ.' என்று அடிப்பார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். பெற்று, பெயர் வைத்து, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டது எல்லாம் வீண். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் உள்ளே வர முடியாது என்று சொல்லிவிட்டது. பாஸ்போர்ட்டின் வேறு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் பரவாயில்லை என்று பிறகு இறங்கி வந்தார்கள். துபாய் ஏர்போர்ட்டிலும் அப்பாதான் கைகொடுக்கிறார்.

உள்ளூரிலும் நிம்மதி கிடையாது. பானையும் ஆதாரையும் இணைக்காவிட்டால் 2023 ஜூலை 1 முதல் பான் செயல்படாது என்றார்கள். ஆயிரம் ரூபாய் கட்டி இணைக்கப் போனவர்களில் எத்தனையோ பேருக்கு ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. வேலை மாறி பி.எஃப். பணம் எடுக்கப் போகிறவர்களுக்கு இதே கதை. ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப்.-ல் இன்னொரு பெயர் என்றால், நீயும் உன் கம்பெனியும் சேர்ந்து கூட்டாக உறுதிமொழி கொடு என்பார்கள். நீங்கள் சண்டை போட்டு வெளியே வந்த கம்பெனி அது! ஆதாரில் பெயர் திருத்தவும் பொதுவாக வாழ்நாளில் இரண்டே சான்ஸ்தான்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் கல்யாணத்துக்கு ஒரு பெரியப்பா பாசத்தோடு ஒரு செக் எழுதிக் கொடுத்தார். 'பே டு' என்ற இடத்தில் 'சிரஞ்சீவி வைத்தி' என்று போட்டிருந்தார். பாங்கில் அந்த அம்மாள் செக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சிரஞ்சீவிங்கிறது உங்க அப்பாவா?" என்றார். கடைசிவரை பணம் வரவில்லை. பெரியப்பாவிடம் திரும்பக் கேட்க முடியுமா? ஆசீர்வாதம் மட்டும் பாஸ் ஆயிற்று.

ஆக, ஃபாரம் என்பது வாய் கிடையாது. அதற்கு மரூஉ தெரியாது, விளிமரபு தெரியாது. எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். அந்த வகையில் அக்கா மகன் சொன்னதில் தப்பே இல்லை. எங்கும் ஒரே பெயர், அதுவும் சின்னப் பெயர் என்றால் நிம்மதிதான். "உன் இஷ்டம்டா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

* * *

அடுத்த வாரம் அக்காவின் மாமியாருக்குக் குடும்ப ஓய்வூதிய விஷயமாக ஒரு ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தது. தாத்தா அரசாங்க வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பாட்டிக்கு எண்பது வயது. ஒரு பக்கம் பேரன் பிடித்துக்கொண்டான், பைல் பிடித்துக்கொள்ள நான்.

கவுன்ட்டரில் இருந்தவர் நல்ல மனிதர். பாட்டிக்கு நாற்காலி போடச் சொன்னார். சரிபார்ப்பதற்காகக் கேட்டார்.

"உங்க பேரு பாட்டி?"

பாட்டி சொன்னார்.

"வீட்டுக்காரர் பேரு?"

பாட்டி வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் ஆகி அறுபது வருஷம். ஒரு தடவைகூடச் சொன்னது கிடையாது. ரேஷன் கடையில், ஓட்டுச் சாவடியில், ஆஸ்பத்திரியில் எல்லா இடத்திலும் பக்கத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். நான் வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"நீங்க சொல்லாதீங்க சார். அவங்களே சொல்லணும்."

பாட்டி கொஞ்சம் யோசித்தார். அப்புறம் பக்கத்தில் நின்ற பேரன் தோளைத் தொட்டு, "இதோ, இவன் பேருதான்" என்றார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, உங்க பேரு?"

"சுந்தர்" என்றான் பையன். பழக்கம். ஆபீஸில் தினம் ஐம்பது தடவை சொல்கிற பெயர்.

அவர் பேப்பரைப் பார்த்தார். புருவம் ஏறியது. "இங்க வேற மாதிரி இருக்கே?"

பாட்டி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "முழுசாச் சொல்லேண்டா!"

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. கோபமா, பதற்றமா, என்னவென்று சொல்வது? ஆபீஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சோமசுந்தரம்" என்றான் பையன்.

பாட்டி உட்கார்ந்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் டிக் அடித்தார். "அடையாள அட்டை ஏதாவது இருக்கா தம்பி, சும்மா பார்க்கறேன்" என்றார். பையன் கொடுத்தான். சோமசுந்தரம் என்று இருந்தது. அதைப் பாட்டியிடமும் காட்டினார். எண்பது வயதுக்கு எழுத்து தெரியவா போகிறது? இருந்தாலும் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

ஆட்டோவில் வரும்போது பையன் எதுவும் பேசவில்லை. நானும் கெஜட் விஷயத்தை எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அக்கா போன் பண்ணினாள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் சோமசுந்தரம் என்றே போட்டானாம். ஏன் என்று இவள் கேட்டதற்கு, "பாட்டி அப்புறம் யாரைம்மா காட்டுவா?" என்றானாம்.

ஆபீஸில் இன்னமும் சுந்தர்தான். மெயில், கழுத்தில் தொங்குகிற அட்டை எல்லாவற்றிலும் சுந்தர். கூப்பிடும் பெயரைத் தனியாகப் பதிவு பண்ணிக்கொள்ள அங்கே வசதி இருக்கிறதாம். 'சோமா' என்றவனுக்கும் அது ஒழுங்காக வருகிறது. ராமலிங்கம் மட்டும் இன்னும் மாயவரத்திலிருந்தே ப்ராஜெக்டை லேட் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

* * *

இதைப் படித்துவிட்டு, "அப்போ பேரே மாத்தக் கூடாதுங்கறீங்களா?" என்று சண்டைக்கு வராதீர்கள். தாராளமாக மாற்றுங்கள். பிடிக்காத பெயரை வாழ்நாள் பூரா சுமக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இன்னார் இன்று முதல் இன்னார் என்று அழைக்கப்படுவார் என்று தமிழ்நாடு அரசிதழில் வாராவாரம் எத்தனையோ பேர் புதுசாகப் பிறக்கிறார்கள். இன்னும் முடிவு செய்யாமல் இருக்கும் இளைஞர்களுக்கு மட்டும் சில வார்த்தை.

உங்கள் பெயருக்கு ஆணிவேர் பத்தாம் வகுப்புச் சான்றிதழ். மற்ற எல்லாக் காகிதமும் அதைப் பார்த்துத்தான் முளைக்கிறது. மாற்றுவதாக இருந்தால் பாஸ்போர்ட், பி.எஃப்., வீட்டுக் கடன் என்று கிளை விடுவதற்கு முன்னாலேயே மாற்றுங்கள். முதலில் கெஜட், அப்புறம் மற்றவை. அந்த கெஜட் பக்கத்தைக் கல்யாணப் போட்டோவைவிடப் பத்திரமாக வையுங்கள். பழைய சான்றிதழில் இருப்பவரும் நீங்களும் ஒருவர்தான் என்று சொல்ல அதுதான் சாட்சி.

வெறும் கூப்பிடுகிற வசதிக்காக என்றால் கெஜட் எதற்கு? விசிட்டிங் கார்டில், மெயிலில், டீக்கடையில் நீங்கள் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். கேட்க ஆள் கிடையாது. பணம், பட்டா, பயணம் இந்த மூன்றில் மட்டும் சான்றிதழ்ப் பெயரை எழுத்து மாறாமல் எழுதுங்கள். விமான டிக்கெட்டை 'மணி' என்று போட்டுவிட்டு ஏர்போர்ட் வாசலில் சுப்பிரமணியனாக நின்றால், துப்பாக்கி வைத்திருப்பவருக்கு எட்டாம் வேற்றுமையை விளக்கவேண்டி வரும்.

இரண்டையும் விட மனசில்லையா? அதற்கும் தமிழில் வழி இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு 'எ'. சோமசுந்தரம் (எ) சுந்தர். 'என்கிற' என்பதன் மரூஉ! இந்த 'எ' இரண்டே இடத்தில்தான் அதிகமாகக் காணப்படும். ஒன்று கல்யாணப் பத்திரிகை. இன்னொன்று போலீஸ் எஃப்.ஐ.ஆர். எதில் வருகிறோம் என்பது அவரவர் கையில்.

கடைசியாக, புதுசாக அப்பா ஆகிறவர்களுக்கு. குழந்தையின் பெயரைப் பிறப்புப் பதிவில் சேர்க்க அரசாங்கம் ஒரு வருஷம் இலவசமாக டயம் கொடுக்கிறது. தாமதக் கட்டணம் கட்டினால் பதினைந்து வருஷம்வரை சேர்க்கலாம். அவசரமே இல்லை. எண் கணிதம் பார்த்து, இங்கிலீஷில் இரண்டு 'ஏ' சேர்ப்பதா மூன்று சேர்ப்பதா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட ஒரு சுலபமான பரீட்சை இருக்கிறது. வைக்கப்போகிற பெயரை எடுத்துக்கொண்டு ராத்திரி எட்டு மணிக்கு மொட்டை மாடிக்குப் போங்கள். தெருமுனையில் விளையாடுகிற பையனைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி முழுப் பெயரையும் மூன்று தடவை கத்துங்கள். மூன்றாவது தடவையும் மூச்சு மிச்சம் இருந்தால் அதையே வைத்துவிடலாம். மூச்சு வாங்கினால் கவலைப்படாதீர்கள். எந்தப் பாதியை வெட்டலாம் என்பதை அவன் அம்மா பார்த்துக்கொள்வாள்.